பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்



வெளிநாடு போகும் பெண் தொழிலாளர் உரிமை பற்றிய கருத்தரங்கைத் தருமபுரி மாவட்டக் கடத்தூரில் வைத்ததற்கு அமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். "இங்கிருந்து யார் சார் துபாய்க்குப் போகிறார்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பொம்மிடியில் ரயில் ஏறும் நம் பெண்கள் பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். பஸ் ஏறுகிறவர்கள் பெங்களூருக்கு. ஆனால் 1965 வரை தருமபுரியும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டம், இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மண். கடல் கடந்து கூலிக்குப் போவது நமக்குப் புதிதல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. வளைகுடாவுக்குப் போகும் பெண்ணின் தலையெழுத்து ரியாத்தில் தீர்மானமாவதில்லை. அவள் பத்தாம் வகுப்பைத் தாண்டினாளா இல்லையா என்பதில், இங்கே, நம் பள்ளிக்கூடங்களில் தீர்மானமாகிவிடுகிறது. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; குடியகல்வு அனுமதி தேவை என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். தேறியவருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். அந்த ஒரு வரி இருக்கும் பெண்ணுக்கு முப்பது வயது நிறையவில்லை என்றால், வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி அனுமதி கிடைக்காது.

நல்லெண்ணத்தில் போட்ட விதிதான். நடப்பதோ வேறு. சுற்றுலா விசாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஏஜெண்டு விசிட் விசா எடுத்து அந்தப் பெண்ணைத் துபாயில் இறக்கி, அங்கிருந்து வேறு நாட்டுக்குக் கைமாற்றிவிடுகிறார். அனுமதியோடு போகும் தொழிலாளிக்குப் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு; இவளுக்கு இல்லை. அரசுப் பதிவேட்டில் இவள் பெயரே இல்லை. பாஸ்போர்ட், கபில் எனப்படும் முதலாளியின் கையில். அடி தாங்காமல் வெளியேறினால் 'ஓடிப்போனவள்' என்று புகார் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டியது அவள்தான். தடை அவளைப் போகவிடாமல் நிறுத்தவில்லை. போனவளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது.

2015இல் காட்பாடிப் பக்கத்துப் பெண் ஒருவர் ரியாத்தில் வேலை செய்த வீட்டிலிருந்து தப்பிக்கப் பார்த்தபோது வலது கையை இழந்தார். வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கண்டித்தார், நாடே பேசியது. அந்தப் பெண் முப்பதைத் தாண்டி வெகுகாலம் ஆனவர். ஆக, வயது எதைக் காத்தது?

இந்த விஷயத்தில் நாம் அதிகம் படிக்க வேண்டியது இலங்கையை. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது அவருக்குப் பதினேழு வயது. பாஸ்போர்ட்டில் இருபத்துமூன்று. வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்றார் அவர். தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளையிடம், சரியான மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் இல்லாமல் வாக்குமூலம் வாங்கினார்கள். 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். கொழும்பு அதன்பின் என்ன செய்தது? சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை உயர்த்தியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய் போகக்கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. 2022இல் நாடு டாலருக்குத் தவித்தபோது அந்த அறிக்கையைக் கைவிட்டது, வயதையும் குறைத்தது. குழந்தைகளின் நலன் ஒன்பது வருடத்தில் மாறிவிட்டதா என்ன?

நம் கதையும் கொஞ்சம் அப்படித்தான். பணிப்பெண்ணை எடுக்கும் வீட்டார் 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்று டெல்லி விதித்திருந்தது. குவைத் விசா தர மறுத்தது. 2017இல் நாமே அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டோம். வீட்டு வேலையாட்களுக்கான 2011ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 189ஐப் பிலிப்பைன்ஸ் அடுத்த ஆண்டே ஏற்றது. இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. நம் ஊர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும் வார விடுமுறை தர வேண்டியிருக்குமே! சொந்த வீட்டில் கொடுக்காததை அரபியிடம் கேட்க வாய் கூசத்தான் செய்யும். குவைத்தோ 2015இலேயே வார ஓய்வு, பன்னிரண்டு மணி நேர உச்சவரம்பு, பாஸ்போர்ட்டைப் பறிக்கத் தடை என்று சட்டம் எழுதிவிட்டது. அமல் எப்படி என்பது வேறு விஷயம்; வழக்குப் போட ஒரு வாசகமாவது இருக்கிறது.

எனவே, கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பெண்களைப் போகவிடலாமா' என்ற விவாதத்தில் இன்றைய பொழுதைக் கழிக்க வேண்டாம். போகிறவள் கையில் தமிழில் எழுதிய ஒப்பந்தம் இருக்க என்ன வழி? தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது; அது சென்னையோடு நிற்காமல், வெற்றிலைச் சந்தைக்கு வரும் பெண் விசாரித்துவிட்டுப் போகும்படி ஒரு மேசையாவது இங்கே போட முடியுமா? ஏஜெண்டின் உரிமத்தைச் சரிபார்க்க ஊராட்சி அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்? இவற்றுக்குப் பதில் வந்தால் மாலையில் தீர்மானமாக எழுதி ஆட்சியரிடம் கொடுப்போம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.