சயனைடு மேடும் கைப்பேசித் திரையும்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளைப் பாதையில் பயணம் செய்து ஊரிகத்தில் இறங்குவோர், வெளிறிய நிறங் கொண்ட பெரும் மண் மேடுகளைக் காண்பர். கோலார் தங்கவயலில் வாழும் நாம் அவற்றைச் சயனைடு மேடுகள் என்கிறோம். பாதாளத்திலிருந்து எடுத்த பாறையை மாவாக இடித்துப் பொன்னைப் பிரித்த பின் எஞ்சிய சக்கையே இம்மேடு. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மேடுகள் மட்டும் நிற்கின்றன. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் செல்லும் நம் இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒரு கைப்பேசி ஒளிர்கிறது. இதே கோலார் மாவட்டத்தில், நரசாபுரத்தில், ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. விஸ்டிரான் நிறுவனம் தொடங்கிய அத்தொழிற்சாலை 2023-இல் டாட்டா வசமாயிற்று.

மேட்டுக்கும் திரைக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். திரையை இயக்கும் நுண்சில்லின் முனைகளிலே கண்ணுக்குத் தெரியாத பொன் முகடுகள் வைக்கப்படுகின்றன என்பது ஓர் உறவு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறோர் உறவு. இம்மேட்டை உண்டாக்கிய முறையும், அத்திரையை உண்டாக்கிய முறையும், 'இது எனக்கே உரியது' என்று ஒருவர் உரிமை கொண்டாட, மற்றொருவர் அதை மறுக்க, நீதிமன்றம் வரையில் சென்றவை.

புதிதாக ஒன்றைக் கண்டவர் அதன் செய்முறையை ஒளிக்காமல் எழுதி அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறார். அதற்குக் கைம்மாறாக, குறித்த காலம் வரையில் அவர் இசைவின்றிப் பிறர் எவரும் அதனைச் செய்யவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று அரசு தடுக்கிறது. இதுவே காப்புரிமை, பேச்சு வழக்கில் பேடண்ட். நம் நாட்டில் அக்காலம், விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டு. உரிமையை மீறினார் என்று வழக்கிலே இழுக்கப்பட்டவருக்கு இரண்டு வாயில்கள் உண்டு. 'நான் செய்தது அதுவன்று' எனலாம். அன்றி, 'அது புதிதே அன்று, ஆகவே உரிமையே செல்லாது' எனலாம். பெரிய வழக்குகள் பலவும் இவ்விரண்டாம் வாயிலில்தான் நுழைகின்றன.

திரையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். கைக்கடிகாரத்திலும் கணக்குப் பொறியிலும் கரிய இலக்கங்கள் தோன்றி மறைவதைக் கண்டிருக்கிறோம். இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் என்னும் ஒரு பொருள். அதன் மூலக்கூறுகள் படிக்கட்டுப் போல முறுகி நிற்கின்றன. முறுக்கின் வழியே ஒளியும் திரும்பிச் செல்லுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்கிறது, ஒளி தடைப்படுகிறது, இலக்கம் கருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ரோஷ் நிறுவனத்தைச் சேர்ந்த ஷாட், ஹெல்ஃப்ரிக் என்னும் இருவர் 1970 டிசம்பர் 4-ஆம் நாள் இதற்குக் காப்புரிமை கேட்டனர். அமெரிக்காவிலே ஜேம்ஸ் ஃபெர்கசன் என்பவர் 1971 ஏப்ரலில் கேட்டார். நாளைப் பார்த்தால் சுவிட்சர்லாந்துக்காரரே முந்தியவர். ஆனால் அந்நாளைய அமெரிக்கச் சட்டம், முதலில் விண்ணப்பித்தவர் யார் என்று கேளாது, முதலில் கண்டவர் யார் என்று கேட்டது; 2013-இல்தான் அவ்வழக்கம் மாறிற்று. இழுபறி நீண்டு, கடைசியில் ரோஷ் நிறுவனம் ஃபெர்கசனின் அமெரிக்க உரிமையைப் பொருள் கொடுத்தே வாங்கிக்கொண்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான கடிகாரங்களும் கணக்குப் பொறிகளும் இந்த முறுக்கின் மேல் ஓடின.

இனி நம் மேட்டுக்கு வருவோம். இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பாட்டன்மார் இதனுள்ளே உழைத்தவர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து, இங்கு மண்ணுக்குள் இறங்கிய தமிழர் எத்தனை ஆயிரவர்! 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வயலில் காலூன்றிய தொடக்க ஆண்டுகளில், இடித்த பாறை மாவைப் பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின் மேல் நீரோடு ஓடவிட்டுப் பொன்னைப் பிடித்தனர். பெரிய துகள் சிக்கும், நுண்துகள் நழுவும். நழுவிய பொன் சக்கையோடு போய்விடும். உலகத்துத் தங்கச் சுரங்கங்கள் எல்லாவற்றுக்கும் இது பொதுவான துன்பமாயிருந்தது.

கிளாஸ்கோ நகரத்து இரசாயன வல்லுநர் ஜான் மக்ஆர்தர், ராபர்ட் ஃபாரஸ்ட், வில்லியம் ஃபாரஸ்ட் என்னும் மருத்துவச் சகோதரருடன் கூடி, 1887 அக்டோபர் 19-ஆம் நாள் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அரைத்த பாறையைச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்தால் நுண்பொன்னும் கரைந்து வரும். மறு ஆண்டு பெற்ற இன்னோர் உரிமையின்படி, அக்கரைசலைத் துத்தநாகச் சீவல்களின் ஊடே செலுத்தினால் பொன் மீண்டும் திடமாகப் படியும். 1889-இல் நியூசிலாந்திலும் 1890-இல் ஜோகன்னஸ்பர்க்கிலும் இம்முறை தொழிலில் இறங்கிற்று. சில ஆண்டுகளில் கோலார் வயலிலும் அது வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே இங்குச் சக்கையைச் சயனைடுத் தொட்டிகளில் ஊறவைத்தனர். மேடு வளரத் தொடங்கிற்று.

உரிமையைக் கையில் வைத்திருந்த காசல் நிறுவனம் உலகெங்கும் உரிமைத் தொகை கேட்டது. சுரங்க முதலாளிகள் சினந்தனர். 'சயனைடு பொன்னைக் கரைக்கும் என்பது புதுச் செய்தியா?' என்று நீதிமன்றத்தில் கேட்டனர். கேள்வி வலுவானதுதான். ஷீல என்னும் சுவீடன் நாட்டு இரசாயனியார் 1783-லேயே அதைக் கண்டிருந்தார். இளவரசர் பக்ராத்தியோன் 1844-இல் எழுதியிருந்தார். கரைவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும் என்று எல்ஸ்னர் 1846-இல் காட்டினார். பொன் முலாம் பூசுவோர் சயனைடுக் கரைசலை நாள்தோறும் கையாண்டனர். அமெரிக்காவில் 1885-இல் சிம்ப்சன் என்பவர் பெற்ற காப்புரிமையிலும் சயனைடு இருந்தது. இத்தனையும் இருக்க, மக்ஆர்தர் எதைக் கண்டார்?

அவர் தரப்பில் சொன்ன விடையும் இலேசானதன்று. ஆய்வுக் குடுவையில் பொன் தகடு கரைவது வேறு, ஆயிரம் டன் பாறையில் ஒளிந்த துகளை ஆதாயத்தோடு வெளிக்கொணர்வது வேறு. மிகவும் நீர்த்த கரைசலைப் பயன்படுத்தினால், சயனைடு மற்ற உலோகங்களில் வீணாகாமல் பொன்னையே நாடிப் பற்றுகிறது. இதை முன்னர் எவரும் சுரங்கத் தொழிலுக்கு ஏற்றதில்லை. நம் மனச்சாட்சிக்கு இவ்விடை பொருந்துகிறது. ஆயினும், உரிமைப் பத்திரத்தில் எழுதியிருந்தது என்ன? நீர்த்த கரைசல் என்று வரம்பு கட்டாமல், சயனைடு அடங்கிய எக்கரைசலுக்கும் உரிமை கோரியிருந்தனர். வேலி போட வந்தவர் ஊர்ப் பொது நிலத்தையும் சேர்த்து வளைத்தது போலாயிற்று. 1895-இல் இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கை அளவுக்கு மிஞ்சியது எனக் கண்டது. நிறுவனத்தார் கரைசலின் செறிவுக்கு வரம்பிட்டுப் பத்திரத்தைத் திருத்த நேர்ந்தது. 1896-இல் பிரிட்டோரியாவில் திரான்ஸ்வால் நீதிமன்றம் அங்கிருந்த உரிமையை அடியோடு நீக்கியது. நியூசிலாந்து அரசாங்கம் வேறு வழி கண்டது. 1897-இல் சட்டமியற்றி, 10,000 பவுன் கொடுத்து உரிமையைத் தானே வாங்கி, சுரங்கத்தாரிடம் சிறு கட்டணம் வசூலித்து அத்தொகையை மீட்டது. மூன்று நாடு, மூன்று விடை! ஒரே செய்முறைக்கு நாட்டுக்கு நாடு நீதி வேறுபடுவது வியப்பன்று. காப்புரிமை நாட்டெல்லையைத் தாண்டாத உரிமை.

இவ்வழக்கு வாதங்களில் எங்கும் தொட்டியைக் கிளறியவன் பேச்சு எழவில்லை. 120 ஆண்டுகளில் இவ்வயல் தந்த பொன் ஏறத்தாழ 800 டன். கருவியும் முறையும் பிறருடையவை, உழைப்பு நம்முடையது. பொன் கப்பலேறிற்று, மேடு நம்மிடம் தங்கிற்று. அம்மேட்டிலும் இன்னும் பொன் இருக்கிறது. பதின்மூன்று மேடுகளையும் மீண்டும் அகழ்வதற்கு 2024 ஜூனில் கர்நாடக அரசு இசைந்தது. இம்முறை எவர் முறை, எவர் உரிமை, எவர் வேலை என்னும் வினாக்களை நாம் முன்கூட்டியே கேட்கலாம்.

உழைப்பவனுக்கு மட்டுமன்றி, உரிமை பெற்றவனுக்கும் இந்த வேலி நிலையானதன்று. மதுரையைச் சேர்ந்த ராம்குமார் என்பார், ஒரே கைப்பேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளை இயக்கும் முறைக்கு 2002-இல் விண்ணப்பித்து, 2008-இல் காப்புரிமை பெற்றார். சுங்கத் துறையிடம் அதைப் பதிவு செய்யவே, 2009-இல் இறக்குமதிச் சரக்குகள் தடைப்பட்டன. பெரிய நிறுவனங்கள் பதறின. சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. ஒரு தமிழர் கையில் இருந்த ஒரு தாள், உலக நிறுவனங்களின் பெட்டிகளைத் துறையில் நிறுத்திவிட்டது என்று கேட்கும்போது நமக்குப் பெருமிதம் எழத்தான் செய்கிறது. ஆனால் 2012-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அக்காப்புரிமையை நீக்கிவிட்டது. முன்னரே அறியப்பட்டவற்றிலிருந்து எளிதில் எட்டக்கூடியது என்ற எதிர்ப்பே அங்கும் எழுந்தது. ஷீலவையும் எல்ஸ்னரையும் சாட்சிக்கு அழைத்த அதே வாதம்! காப்புரிமை அளித்ததனாலேயே அது செல்லும் என்று அரசு உறுதி கூறவில்லை என்று நம் சட்டமே சொல்லுகிறது.

இந்திய நீதிமன்றங்களில் இவ்வழக்குகள் இன்று சிறியவை அல்ல. கைப்பேசித் தொழில்நுட்பம் குறித்து எரிக்சன் நிறுவனம் லாவா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2024 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் 244 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. திரையைப் பற்றிய பூசல்களோ, பழுது பார்க்கும் கடை வரையில் இறங்கிவிட்டன. சாம்சங் திரை நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பன்னாட்டு வாணிப ஆணையத்திடம் முறையிட்டது. உடைந்த திரைக்கு மாற்றாக இறக்குமதியாகும் ஓலெட் திரைகள், சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளை வைர வடிவில் அடுக்கும் தன் காப்புரிமையை மீறுகின்றன என்பது முறையீடு. எதிர்த்தரப்பில் நின்றவர் பெருந்தொழிற்சாலையார் அல்லர். மாற்றுத் திரைகளை வாங்கி விற்கும் வணிகர்.

இச்செய்தி நமக்கு ஏன்? பெங்களூர் எஸ். பி. சாலையிலும், டில்லி கரோல் பாகிலும், மும்பையிலும் கைப்பேசி பழுது பார்த்துப் பிழைக்கும் தமிழ் இளைஞர் பலர். நாளை அவர் கடைக்கு ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு வரலாம். வந்தால் அஞ்சி மூடிவிட வேண்டுவதில்லை, கிழித்தெறியவும் கூடாது. உரிமையாளரிடமிருந்தே முறைப்படி வந்த திரையை மாற்றிக் கொடுப்பதில் குற்றமில்லை. ஆகவே கொள்முதல் சீட்டைப் பத்திரப்படுத்துக. ஆதாரமின்றி மிரட்டினால், 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி நாமே வழக்காடலாம். அப்படி ஓர் உரிமை உண்டென்று அறியாமலும், அறிய நியாயமான ஏதுவின்றியும் விற்றவரிடம் நட்ட ஈடு பெற முடியாது என்று 111-ஆம் பிரிவு கூறுகிறது. பெட்டியின் மேல் எண் இன்றிப் பேடண்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது அறிவித்ததாகாது. ஆனால் மேற்கொண்டு விற்காதே என்று தடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு அப்போதும் உண்டு.

இச்சட்டத்துக்கு அடித்தளமிட்டவர் ஒரு தமிழர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையில், இந்தியாவில் பெற்ற காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை அயல்நாட்டார் கையில் இருந்ததையும், அவற்றுள் பெரும்பகுதி இந்நாட்டில் தொழிலாக மாறாததையும் எடுத்துக் காட்டினார். உரிமை பெற்றவர் அதை இங்கே பயன்படுத்துகிறாரா என்று அரசு கேட்கும் வழக்கம் அவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே. தங்கவயலில் வளர்ந்தவர்க்கு அவர் சொன்னது புத்தகச் செய்தியன்று.

கர்நாடகத்தில் வாழும் ஒருவர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றுக்கும் அதுவே. வேலை முழுதும் முடியுமுன்பே தற்காலிக விவரத்தைப் பதிந்து நாளைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரத்துக்கு 12 மாதத் தவணை உண்டு. நரசாபுரத்திலோ பெங்களூரிலோ பணிபுரியும் நம் பிள்ளை, தன் ஓய்வு நேரத்தில் புதியதொரு கருவி கண்டால், கண்காட்சியில் வைக்குமுன், நண்பர்க்கு விற்குமுன், இதைச் செய்ய வேண்டும்; வெளியிட்டபின் விண்ணப்பித்தால், அவர் செய்ததே அவருக்கு எதிரான சாட்சியாகலாம். வேலியை எங்கே போடுவது என்பதில் பட்டறிவுள்ள காப்புரிமை முகவரின் துணை நன்று. மக்ஆர்தருக்கு நேர்ந்த இடர் அங்கேதான். விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். தமிழில் எழுத விதி இன்னும் இடந்தரவில்லை.