பூனை வாந்தி எடுத்தால்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் லெட்ஜர் எழுதி ரிட்டயர் ஆனவன். எங்கள் மின்னி பட்ட பாட்டைச் சொல்ல வந்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள் வாந்தி எடுத்தாள். முடியை விழுங்கியிருப்பாள் என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். என் தப்புதான். 4 கிலோ இருந்தவள் 3.2 ஆகிவிட்டாள். பழக்கதோஷத்தில் வாந்தி எடுத்த தேதிகளை நோட்டில் குறித்திருந்தேன்; டாக்டருக்கு அது உதவியது.

ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, சிறுநீரகமோ தைராய்டோ காரணமில்லை என்றான பிறகு, மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பியில் இரைப்பைச் சுவரிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். அழற்சி இருந்தது, ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்தது. நமக்கு அல்சர் தரும் கிருமியின் பங்காளி. (அதைக் கண்டுபிடித்த இருவருக்கு 2005இல் நோபல் பரிசு!) ஆனால் நன்றாக இருக்கும் பூனைகளிடமும் இது சகஜமாம். வாந்தியும் அழற்சியும் சேர்ந்திருந்தால்தான் மருந்து என்றார் டாக்டர்.

அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், ஒமிப்ரசோல் மூன்றும் மூன்று வாரம். மெட்ரோனிடசோல் ஒரே கசப்பு. நுரை தள்ளினாள், கையைக் கீறினாள். பத்தாம் நாளே வாந்தி நின்றது. “போதுமே” என்றாள் மனைவி. முழுக்கக் கொடுத்தோம்.

தயவுசெய்து நம் மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் அதன் உயிரையே எடுத்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலே டாக்டரிடம் காட்டுங்கள். பட்டினி நீண்டால் கல்லீரல் கெட்டுவிடும்.

மாடிப்படியில் வாந்தி கிடந்தால் எந்தப் பூனை என்று எனக்குச் சொல்லுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.