வெள்ளம் வந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம்?
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு இங்கே இருந்தவர்கள் உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு, அடையாறு கரை மீறிய இரவு. தண்ணீர் வடிந்த பிறகு கார் நிறுத்தும் இடத்தின் தூண்களில் ஒரு பழுப்புக் கோடு படிந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் பெயிண்ட் அடித்து அதை அழித்துவிட்டோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் புரிந்தது.

நஷ்டத்தைக் கணக்கிட மூன்று விஷயம் தெரிந்தால் போதும். எந்த இடத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும், அங்கே என்ன பொருள் இருக்கிறது, அந்த உயரத்தில் அதற்கு என்ன சேதம் ஆகும். இந்த மூன்றையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிச் சொல்வதுதான் மென்பொருளின் வேலை. அமெரிக்க அரசு 1997 முதல் ‘ஹாஸஸ்’ என்று ஒன்றை வைத்திருக்கிறது. முதலில் பூகம்பத்துக்கு, பிறகு வெள்ளத்துக்கும் புயலுக்கும். நான் பயன்படுத்தியது ‘க்யூஜிஐஎஸ்’. இலவசம். சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை, பொருளாளர் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு சிக்கல். இலவசமாகக் கிடைக்கும் விண்வெளி ரேடார் அளவுகளில் ஒரு கட்டம் 30 மீட்டர் சதுரம். நம் ஒரு பிளாக்கே அதில் அடங்கிவிடும். போதாததற்கு, ரேடார் மொட்டை மாடியையும் மரத்தையும் தரை என்று நினைத்துக்கொள்கிறது. சில மீட்டர் வரை தவறு வரும். நகரம் முழுவதற்கும் சரி, நமக்கு அரை அடி வித்தியாசமே தலைவிதி. அதனால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கடன் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வளாகம் முழுவதும் மட்டம் எடுத்தோம்.

மெயின் கேட்தான் பள்ளம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இல்லை. பி பிளாக்குக்குப் பின்புறம், மின்சார பேனல் அறை இருக்கிற மூலைதான் எல்லாவற்றிலும் தாழ்வு.

இது ஏன் முக்கியம்? சேதம் தண்ணீரோடு சேர்ந்து மெதுவாக ஏறுவதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. காரின் டயர் பாதி நனைந்தால் கழுவிவிட்டுப் போகலாம்; உள்ளே தரை நனைந்தால் ஒயரிங் போகிறது; தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினே போகிறது. மேல் மாடியில் நிறுத்திய லிஃப்ட் பெரும்பாலும் தப்பிக்கிறது, கீழே நின்றது மாட்டிக்கொள்கிறது. பேனல் போர்டுக்கோ ஓர் அங்குலமே போதும். அது போனால் மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை, லிஃப்ட் இல்லை. ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதன் அர்த்தம் என்ன என்று 2015இல் பார்த்தோம்.

“அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம் சார்” என்றார் ஒரு நண்பர். நூறு வருஷ வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். 30 வருஷ வீட்டுக் கடனை அடைத்து முடிப்பதற்குள் ஒரு முறையாவது வருவதற்கு ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. 2015 வெள்ளம் எந்த வகை என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எட்டே வருஷத்தில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் வந்து நின்றதும் உங்களுக்குத் தெரியும்.

பேனல் அறையை இரண்டரை அடி உயர்த்த மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். வந்ததும், போர்டை மாற்ற ஆகும் செலவையும் பக்கத்திலேயே போட்டு உங்கள் ஓட்டுக்கு வைப்போம். கார் இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சாதாரண பாலிசியில் பெரும்பாலும் அது கிடையாது.

இன்னொரு உதவி. 2015, 2023 படங்கள் உங்கள் பழைய போனில் இருக்கும். தண்ணீரோடு படிக்கட்டோ கேட் கம்பியோ தெரிகிற படமாக இருந்தால் அனுப்புங்கள். எத்தனையாவது படி என்று எண்ணி, அழித்த அந்தக் கோட்டைத் திரும்ப வரைந்துவிடலாம். இந்த முறை பெயிண்ட்டர் கை வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.