முப்பத்தைந்து லட்சம் செங்கல்



டச்சுக் கோட்டை இருக்கிற இந்தச் சதுரங்கப்பட்டினத்தில், இவன் டெல்லியில் உள்ள ஒரு தேவாலயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைப்பீர்கள். இரண்டும் செங்கல். அதுதான் சங்கதி.

டெல்லி கன்டோன்மென்ட்டில் இருக்கிறது தூய மார்ட்டின் ஆலயம். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக 1928-இல் வேலை தொடங்கி, 1931-இல் பிரதிஷ்டை ஆன ஆங்கிலிக்கன் கோயில். மார்ட்டினே ஒரு ரோமானியச் சிப்பாய்தான். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் என்பார்கள். பட்டாளத்துக் கோயிலுக்கு வேறென்ன பெயர் வைப்பது!

கட்டியவர் ஆர்தர் ஷூஸ்மித். ராஷ்டிரபதி பவனைக் கட்டினாரே லட்யன்ஸ், அவருடைய உதவியாளர். பெரியவர் அங்கே மணற்கல்லும் தூணும் குவிமாடமுமாக இழைத்துக்கொண்டிருக்க, இவர் சுமார் முப்பத்தைந்து லட்சம் செங்கல்லை அடுக்கினார். மேல்பூச்சு கிடையாது, வெள்ளையடிப்பு கிடையாது, பூவேலை, கொடிவேலை ஒன்றும் கிடையாது. உயரப் போகப் போகச் சுவர் படிப்படியாக உள்வாங்கும். டெல்லி வெயிலாச்சே, சுவர் தடிமன், ஜன்னல் சிறிசு. தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டையா கோயிலா என்று சந்தேகம் வரும். 'கியூபிஸ்ட் சர்ச்', அதாவது கனசதுரக் கோயில், என்றுகூடப் பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், செங்கல்லை மட்டும் நம்பு என்று தூண்டிவிட்டவரே லட்யன்ஸ்தான். சிஷ்யர் குருவை மிஞ்சிவிட்டார் என்பது என் கட்சி. அதற்கப்புறம் ஷூஸ்மித் பெரிதாக எதையும் கட்டவில்லை. இந்த ஒன்றே அவர் பெயர் சொல்கிறது.

சிப்பாய்கள் கப்பலேறிப் போனார்கள். கோயில் இன்று வட இந்தியத் திருச்சபையின் கையில். ஞாயிறு தவறாமல் ஆராதனை நடக்கிறது.

இனி நம் கோட்டைக்கு வருகிறேன். 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள்; அடுத்த பிப்ரவரியில் இதோ இந்தக் கடலிலேயே பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் கப்பல் சண்டை போட்டார்கள். டெல்லியில் அலங்காரத்தை வேண்டாம் என்று விட்டார்கள். இங்கே பீரங்கியும் உப்புக்காற்றும் உரித்துக்கொண்டு போயின. மிஞ்சியது அதே வெறும் செங்கல். டச்சுக்காரர்கள் கோயிலுக்குள் உருவம் வைக்காதவர்கள். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் அவர்களுடைய கல்லறைகளைப் பாருங்கள், அத்தனை சிற்ப வேலை!

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்குப் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும். ஆணியை எடுத்துப் பெயர் கிறுக்க மட்டும் விடாதீர்கள்.