டிரெய்லரின் பழுதும் ஓட்டுநரின் மேல் விழும் பழியும்

(மகாராஷ்டிர மாநிலம் நவசேவா துறைமுகப் பகுதியில் சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர் அரங்கில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உறுப்பினர் சேர்ப்புக்காக லாரி நிறுத்துமிடங்களுக்குச் சென்றுவந்த தோழர்கள் ஒரு செய்தியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பீகார், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவரானாலும், நாமக்கல்லிலிருந்து வந்தவரானாலும், கண்டெய்னர் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் அமர்ந்து பேசினால், கூலிக்கும் போலீஸ் மாமூலுக்கும் முன்பாக அவர் வாயில் வரும் சொல் டிரெய்லர். "நான் ஓட்டும் ஹெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பின்னால் மாட்டுகிற டிரெய்லர் நேற்று எவன் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய வகுப்பின் வேலை.

நிலைமையை அறியாத தோழர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். கண்டெய்னர் லாரி என்பது இரண்டு வண்டிகளின் சேர்க்கை. முன்னால் இழுப்பது ஹெட். வடஇந்திய ஓட்டுநர்கள் அதைக் 'கோடா', அதாவது குதிரை என்பார்கள். பின்னால் வருவது எஞ்சின் இல்லாத டிரெய்லர். அதன் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் கிங்பின், குதிரையின் முதுகிலுள்ள வட்டத் தட்டில் பூட்டிக்கொள்கிறது. இரண்டு காற்றுக் குழாய்களும் ஒரு மின்கம்பியும் இரண்டையும் இணைக்கின்றன. கண்டெய்னரின் நான்கு மூலைகளையும் டிரெய்லரோடு பிடித்து நிறுத்துபவை ட்விஸ்ட் லாக் எனப்படும் திருகுப் பூட்டுகள். ஒரு கண்டெய்னரின் உச்ச எடை 30,480 கிலோவும் அதற்கு மேலும் போகலாம். அத்தனை எடையும் நான்கு பூட்டுகளையும் ஒரு கிங்பின்னையும் நம்பிப் பயணம் செய்கிறது.

ஹெட்டின் விலை அதிகம். அதற்கு எஞ்சின் உண்டு, கடன் தவணை உண்டு, கண்காணிக்கும் ஜிபிஎஸ் கருவி உண்டு. டிரெய்லருக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே பெரிய டிரான்ஸ்போர்ட் நிறுவனங்கள் குதிரைகளைவிடக் கூடுதலாக டிரெய்லர்களை வைத்துக்கொள்கின்றன. சரக்கு ஏற்றியோ இறக்கியோ முடியும்வரை டிரெய்லர் கிடங்கிலேயே நிற்கும். குதிரை அவிழ்த்துக்கொண்டு வேறொரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓடும். துறைமுக முனையங்களுக்குள் ஓடும் வண்டிகளின் கதையும் இதுதான்; ஒரே வண்டி மூன்று ஷிப்டில் மூன்று ஓட்டுநர்கள் கைக்கு மாறுகிறது. மூலதனத்தின் கண்ணில் இது திறமையான ஏற்பாடு, ஒரு நிமிடமும் குதிரை சும்மா நிற்பதில்லை. ஓட்டுநரின் கண்ணிலோ, ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாத ஒரு வண்டியைத் தன் உயிரோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடு.

அந்த முன்பின் தெரியாத வண்டியில் என்ன இருக்கிறது? தேய்ந்து கம்பி தெரியும் ரீட்ரெட் டயர். எரியாத பின்விளக்கு. உடைந்த பட்டை. திருகினால் இறங்காத முன்கால்கள். நான்கில் ஒன்று இல்லாத திருகுப் பூட்டு. அந்த இடத்தில் கம்பியோ கயிறோ கட்டியிருப்பார்கள். வளைவில் கண்டெய்னர் சாய்வதற்கு அது போதும்.

எல்லாவற்றிலும் கொடியது பிரேக். ஒரு சக்கரத்தின் பிரேக் அறையில் காற்றுக் கசிந்தால் காற்றழுத்தம் இறங்கி வண்டி தானே நின்றுவிடும். நின்றால் டிரிப் போயிற்று. எனவே அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயை மடக்கிக் கட்டி அடைத்துவிடுவார்கள். காற்று நிற்கும், வண்டி ஓடும், அந்தச் சக்கரத்தில் மட்டும் பிரேக் இராது. அதைச் செய்த ஓட்டுநர் மாலையில் டிரெய்லரை விட்டுவிட்டுப் போகிறார். மறுநாள் மாட்டிக்கொள்பவருக்கு அது தெரியாது. போர் மலைப்பாதையிலோ, நாசிக் செல்லும் வழியில் கசாரா மலைப்பாதையிலோ இறங்கும்போது, குதிரை பிரேக் பிடிக்க, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும்போதுதான் தெரியும்.

இங்கே முதலாளிகள் ஒரு வாதத்தை வைக்கிறார்கள். நம் தோழர்களில் சிலரும் அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "பொதுவான பொருள் என்றால் யாருக்கும் அக்கறை இராது, ஓட்டுநர்களே பழுதை மறைக்கிறார்கள், ஒருவருக்கு ஒரு டிரெய்லர் என்று கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள்" என்பதே அந்த வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த டிரெய்லர் பொதுவானது அல்ல, தோழர்களே. அதற்கு உரிமையாளர் இருக்கிறார். அதன் வாடகை அவர் கணக்கில் சேர்கிறது. பத்து ஓட்டுநர்களுக்குப் பொதுவானது அதன் ஆபத்து மட்டுமே. நூறு பேர் ஏறி இறங்கும் ரயில் பெட்டிக்குப் பயணிகளா பிரேக் சரிபார்க்கிறார்கள்? பலர் பயன்படுத்தும் கருவிக்குப் பராமரிப்பு ஏற்பாடு கூடுதலாக வேண்டும் என்பதுதான் இயல்பான முடிவு.

ஓட்டுநர் பழுதை ஏன் சொல்வதில்லை என்ற கேள்விக்கும் விடை கூலி முறையில் இருக்கிறது. இங்கே பெரும்பாலோருக்கு டிரிப் கணக்கில்தான் காசு. டிரெய்லர் சரியில்லை என்று சொன்னால் மெக்கானிக் வரும்வரை நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. துறைமுக வாசலில் வரிசை நீளும். அதற்கும் கூலி இல்லை. இரண்டு முறை சொன்னவர் 'நச்சரிப்பவர்' என்று பெயரெடுப்பார். மூன்றாம் முறை வேறொருவருக்கு டிரிப் போகும். தன் குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டையும் தன் உயிரையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து அவர் தினமும் முடிவெடுக்கிறார். அந்தத் தராசை அவர் கையில் கொடுத்தவர்கள் கப்பல் நிறுவனம், அதன் கீழ் சரக்கு முகவர், அவருக்குக் கீழ் டிரான்ஸ்போர்ட் நிறுவனம், அதற்கும் கீழ் வண்டியை ஒப்பந்தத்துக்கு விடும் சிறு உரிமையாளர் ஆகியோர். ஒவ்வொரு படியிலும் தரகு வெட்டப்பட்ட பின் கடைசியில் மிஞ்சும் வாடகையில்தான் டயரும் பிரேக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. சிறு உரிமையாளர்களோடு நாம் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. அவர்களில் பலர் நேற்றுவரை ஓட்டுநராக இருந்தவர்கள்.

மூலதனம் நூலின் 3ஆம் தொகுதியில் 5ஆவது அத்தியாயத்தைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். மாறா மூலதனத்தைப் பயன்படுத்துவதில் முதலாளி செய்யும் சிக்கனம் பற்றியது அது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குச் செலவழிக்காமல் மிச்சப்படுத்துவது தொழிலாளியின் உடலிலிருந்து எடுக்கப்படுவதே என்பதை மார்க்ஸ் அரசு அறிக்கைகளை ஆதாரமாக வைத்தே காட்டுகிறார். டிரெய்லர் என்ற சொல் அங்கே இராது. ஆனால் மாற்றாமல் விட்ட பிரேக் லைனிங்கை அந்த அத்தியாயத்துக்குள் வைத்துப் படித்தால் ஒரு வரியும் அந்நியமாகத் தோன்றாது.

அரசு என்ன செய்தது? 2018ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜூலையில் அச்சு ஒன்றுக்கு அனுமதிக்கப்படும் எடை உயர்த்தப்பட்டது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன்னானது, மூன்று அச்சுத் தொகுதிக்கு 24 டன் என்பது 27 டன்னானது. நவம்பரில் விதிகள் மாற்றப்பட்டு, எட்டு ஆண்டுகள் வரையிலான வண்டிகளுக்குத் தகுதிச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும் என்றானது. தேசிய பெர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போதே போயிற்று. எடை கூடியது, சோதனை குறைந்தது, ஆளும் குறைந்தது. ஒரே ஆண்டில்! கிளீனர் என்றொரு தொழிலாளி இருந்ததை இளம் தோழர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கி, இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டி, ஓசையிலேயே காற்றை அறிந்தவர் அவர். அந்த வேலையும் இப்போது ஓட்டுநரின் தலையில்தான்.

இனி சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லருக்கும் பதிவு கேட்கிறது, தகுதிச் சான்று கேட்கிறது. அதன் 190ஆவது பிரிவைக் கவனியுங்கள். ஆபத்து விளைவிக்கும் பழுது இருப்பதை அறிந்தோ, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ, வண்டியையோ டிரெய்லரையோ பொது இடத்தில் ஓட்டுபவர், ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் ஆகிய மூவரும் குற்றவாளிகள் என்கிறது அது. மூவர் என்று ஏட்டில் இருக்கிறது. சாலையில் நிறுத்தப்படுபவரோ ஒருவர்தான்; அவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் இந்தப் பிரிவில் அபராதம் 1,500 ரூபாய் வரை. அதே சட்டத்தில் கூடுதல் எடைக்கு 20,000 ரூபாயும், அதன் மேல் டன்னுக்கு 2,000 ரூபாயும். சாலை சேதமடைவதை அரசு எவ்வளவு மதிக்கிறது, ஓட்டுநரின் உயிரை எவ்வளவு மதிக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

விபத்தில் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு வருகிறது. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டாக இருந்த உச்ச தண்டனை ஐந்து ஆண்டாகிவிட்டது. அதன் 2ஆவது உட்பிரிவின் பத்தாண்டுச் சிறையை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடு முழுவதும் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அந்த உட்பிரிவை அரசு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் சங்கத்தில் இல்லாதவர்கள் நடத்திய போராட்டம் அது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் முதல் உட்பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அடைக்கப்பட்ட பிரேக் குழாயை நேற்று யார் அடைத்தது என்று விசாரிக்கும் வழக்கம் நம் காவல் நிலையங்களில் இல்லை.

தொழிலாளர் சட்டமோ இந்த விஷயத்தில் ஊமையாகவே இருந்தது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் உணவகம், ஓய்வறை, சீருடை, மருத்துவ வசதி, முதலுதவி ஆகியவை இருந்தன. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும் இருந்தது. பழுதான வண்டியை ஓட்ட மறுக்கும் உரிமை இருக்கவில்லை. அபாயகரமான ஆலைகளில் வேலை செய்பவருக்கு உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமையைத் தொழிற்சாலைச் சட்டத்தின் 41-எச் பிரிவு 1987 திருத்தத்தின் மூலம் கொடுத்தது. சாலையில் ஐம்பது டன் எடையோடு போகிறவருக்கு அதுவும் அப்போது இருக்கவில்லை. 2020இல் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை விழுங்கிவிட்டது. ஐந்து தொழிலாளர் இருந்தால் பொருந்தும் என்றிருந்ததைப் பத்தாக உயர்த்தியும் விட்டது. நான்கைந்து வண்டிகளை வைத்துக்கொண்டு பெரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் ஓட்டுபவர்களிடம் வேலை செய்வோர் இதனால் வெளியே தள்ளப்படுகிறார்கள். 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற அறிவிப்பை அமைச்சர் பெருமையாகச் சொல்கிறார். வரவேற்போம், வெயிலில் வெந்தவர்களுக்கு அது தேவைதான். அந்த ஏசி கேபினுக்குப் பின்னால் மாட்டப்படுவது எது என்றும் கேட்போம்.

இது தீராத சிக்கல் அல்ல. அமெரிக்கத் துறைமுகங்களில் கண்டெய்னர் சேசிஸ்கள் நெடுங்காலம் கப்பல் நிறுவனங்களிடம் இருந்தன; கிடைத்ததை மாட்டிக்கொண்டு போன ஓட்டுநர்கள்தான் சாலையில் அபராதம் கட்டினார்கள். பல ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2008 டிசம்பரில் வகுக்கப்பட்ட விதிகள், சேசிஸைக் கொடுப்பவரே அதைப் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் பொறுப்பு என்று நிர்ணயித்தன. ஓட்டுநர் எழுதிக்கொடுக்கும் பழுது அறிக்கையைப் பெற்றுச் சரிசெய்த பின்பே அடுத்தவருக்குத் தர வேண்டும் என்றும் ஆயிற்று. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இது முடிந்திருக்கிறது. அங்கும் விதியை மீறாமல் இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஏட்டிலாவது விடை இருக்கிறது.

நவசேவாவில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. 1989இல் தொடங்கிய இந்தத் துறைமுகத்தில் இன்று முனையங்களை நடத்துவது தனியார். துறைமுக ஆணையமோ ஒன்றிய அரசின் அமைப்பு. வாசல் ஆணையத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அந்த வாசலைக் கடக்காமல் எந்த டிரெய்லரும் சரக்கு எடுக்க முடியாது. ஓட்டுநரின் அனுமதிச் சீட்டையும் கண்டெய்னர் எண்ணையும் முத்திரையையும் அங்கே பார்க்கிறார்கள். டிரெய்லரின் நான்கு பூட்டுகளையும் பின்விளக்கையும் பார்க்க ஒரு ஆளை நிறுத்துவது பெரிய செலவல்ல. பழுது கண்டால் தண்டனை டிரெய்லரின் பதிவு எண் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே போக வேண்டும். ஓட்டுநரைத் திருப்பி அனுப்பி அவர் டிரிப்பைப் பறிப்பதாக அது முடிந்துவிடக் கூடாது. இதைத் தெளிவாக எழுதாமல் வாசல் சோதனையை மட்டும் கேட்டோமானால், ஓட்டுநர்களே நம்மைச் சபிப்பார்கள்.

ஆகவே கோரிக்கையில் காத்திருப்பு நேரத்துக்குக் கூலி என்பது முதலில் வர வேண்டும். பழுதைச் சொன்ன ஓட்டுநருக்குக் காசு நிற்காது என்றால்தான் பழுது வெளியே வரும். அடுத்தது பழுதுச் சீட்டு. கார்பன் தாள் வைத்த இரட்டைப் பிரதிப் புத்தகம். ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று ஓட்டுநரின் சட்டைப் பைக்கு. டிரெய்லர் எண், தேதி, நேரம், பழுது ஆகியவற்றோடு, வாங்கியவரின் கையெழுத்து. கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் எழுதிவைப்பது. இதற்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. 190ஆவது பிரிவு சொல்லும் 'ஓட்ட அனுமதித்தவர்' யார் என்பதற்கு நீதிமன்றத்தில் காட்ட நம் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துவைப்பதும் நல்லதே. ஆனால் படத்தில் மேலாளரின் கையெழுத்து இராது.

சீட்டின் வாசகம் இந்தியிலும் மராத்தியிலும் தயாராகிவிட்டது. நாமக்கல் வண்டிகள் நிற்கும் இடங்களுக்காகத் தமிழிலும் வேண்டும். அதை இங்கிருக்கும் தோழர்கள் எழுதித் தர வேண்டும். முதலில் இரண்டு நிறுத்துமிடங்களில், மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கொடுத்துப் பார்ப்போம். ஒரு மாதத்தில் திரும்பி வரும் பிரதிகளை டிரெய்லர் எண் வாரியாக அடுக்கினால், ஒரே டிரெய்லரைப் பற்றி எத்தனை ஓட்டுநர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்தக் கட்டோடுதான் துறைமுக ஆணையத்தின் முன் போக வேண்டும்.