நாணயமே முதல்



இடைசெவலில் பேச எழுவோர் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் நினைவுகூர்ந்து தொடங்குவது முறை. அம்முறையை நிறைவேற்றிவிட்டு நாம் கடைவீதிக்குச் செல்வோம். படித்து முடித்த நம் பிள்ளைகளில் சிலர் அரசுப் பணிக்குக் காத்திராமல் கடை வைக்கவும் பட்டறை போடவும் முற்படுகின்றனர். அவர்கள் கையில் பெரும்பொருள் இல்லை, நற்பெயர் உண்டு. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாணிகத்தில் நேர்மை என்பதை நாம் ஏட்டில் கற்கவில்லை. களத்துமேட்டில், ஏமாற்றப்பட்ட பக்கத்தில் நின்று கற்றோம். கம்பும் சோளமும் கூலியாக அளக்கப்பட்ட காலத்தில், கொடுப்பதற்கு ஒரு படியும் வாங்குவதற்கு வேறொரு படியும் வைத்திருந்த வீடுகள் உண்டு. கூலிக்குத் தலை தட்டி அளப்பார்கள். கடனைத் திரும்ப வாங்கும்போது குவித்து அளப்பார்கள். அந்தப் படியின் கொடுமையை அறிந்த வீட்டுப் பிள்ளை, தன் தராசில் விரல் வைக்க எப்படித் துணிவான்?

இக்கரிசல் மண்ணின் பருத்திக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கருங்கண்ணிப் பருத்தியால் திருநெல்வேலிச் சீமைக்குச் சந்தையில் பெயர் இருந்தது. புளிச்சை என்றொரு மட்டப் பருத்தியும் இருந்தது. அதன் இழை குட்டை, முரடு. ஆனால் அரைத்தால் பஞ்சு கூடுதலாகத் தேறும். எடை கூடுகிறதே என்று அதை நல்ல பருத்தியோடு கலந்தார்கள். கலந்தவர் சிலர், பெயர் கெட்டதோ சீமைக்கே. தூய பருத்தி விளைவித்தவரின் பொதியையும் நூற்பாலைக்காரர் ஐயத்தோடு பார்க்கும் நிலை வந்தது. முடிவில் புளிச்சையைப் பயிரிடுவதையும் கலப்பதையும் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1932ஆம் ஆண்டு ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அதே வட்டாரத்தின் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கடலையும் வெல்லப்பாகும்தாம், ஆனால் அந்தப் பெயருக்கு இன்று சட்டக் காவல் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் நம்மைக் கவர்ந்த ஒரு விதி உண்டு. இவ்வாறு பதிவான பெயரை எவரும் விற்க முடியாது. அடகு வைக்க முடியாது. பிறருக்கு உரிமம் கொடுக்கவும் முடியாது.

நேர்மையாக இருந்தாலே வாணிகம் தானாகப் பெருகும் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்வோர் நம் வரலாற்றை அறியாதவர். அண்ணல் அம்பேத்கர் பரோடாவிலிருந்து திரும்பிய பின், பம்பாயில் பங்கு வாணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார். பொருளியலில் அவரை விடக் கற்றவர் அந்த வீதியில் எத்தனை பேர் இருந்திருப்பர்? அவர் தீண்டத்தகாத சாதியினர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டனர். அந்தச் சுவர் இன்னும் முற்றாக இடியவில்லை.

அதனால்தான் நம்மிடையே நுழைந்துள்ள ஒரு வழக்கம் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாட்கோ வழியாக மானியத்தோடு கடன் கிடைக்கிறது. பெட்ரோல் விற்பனை நிலையங்களிலும் எரிவாயு முகவாண்மைகளிலும் நமக்கென ஒதுக்கீடு உள்ளது. இவற்றைக் கண்டு வசதி படைத்தோர் நம் இளைஞரைத் தேடி வருகின்றனர். “பெயர் மட்டும் உன்னுடையது, பணம், பாடு எல்லாம் என்னுடையது, மாதம் ஒரு தொகை வீடு தேடி வரும்” என்கின்றனர். இது உதவி போலத் தோன்றும். உண்மையில் அந்த இளைஞன் தன் கடையிலேயே கூலியாள். கடன் நிலுவையானால் வங்கி தேடி வருவது கையொப்பமிட்டவனை. வந்த பணமோ வேறு வீட்டில் இருக்கும். அடுத்து உண்மையாகவே தொழில் செய்ய விண்ணப்பிக்கும் நம் பிள்ளையை, ‘இவனும் யாருக்கோ பினாமியோ’ என்று அதிகாரி ஏற இறங்கப் பார்ப்பார். புளிச்சை கலந்த கதைதான்.

வறுமையில் கையொப்பமிட்டவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. பசித்தவனிடம் பெயரை விலைபேச வந்தவனே முதற்குற்றவாளி. ஆயினும் அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுக்க இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது. இனி, கையொப்பம் கேட்டு எவர் காகிதம் நீட்டினாலும், உடனே போட்டுவிடாமல் நம் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். கடன் யார் பெயரில், கணக்குப் புத்தகம் யார் கையில், இலாபம் யாருக்கு என்று வரிவரியாகப் படித்துப் பார்ப்போம். படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இன்று பலர் இருக்கிறோம்.