நெஞ்சில் விழும் நிழல்



அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக ஜனதா காலனி 1976-ல் அகற்றப்பட்டபோது, நம்மவர் இந்தச் சீத்தா கேம்ப் சதுப்பு நிலத்தில் வந்து குடியேறினோம். வீடுகளோ சிறியவை, சந்துகளோ ஒடுக்கமானவை. ஒருவர் இருமினால் காசநோய்க் கிருமி மற்றவர் மூச்சில் கலப்பதற்கு இத்தகைய இடமே ஏற்றது. ஆகவே, நெஞ்சைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே முறையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் 1895-ல் கண்டறிந்த இக்கதிர்கள், காற்று நிறைந்த நுரையீரலை எளிதில் ஊடுருவும். படத்தில் அது கருமையாய்த் தோன்றும். எலும்பு கதிரைத் தடுப்பதால் வெண்மையாய்த் தோன்றும். நிமோனியாவாலோ காசத்தாலோ காற்றறைகளில் சீழும் நீரும் நிறைந்தால், அவ்விடம் வெண்மேகம் படிந்தாற்போல் காணும். வளர்ந்தோரிடம் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியைப் பற்றும்.

“இருமலே இல்லையே, படம் எதற்கு?” என்பார் நம்மிடையே பலர். 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் விடுபட்டுப் போயிருப்பர்!

ஆயினும் நிழல் நோயின் பெயரைச் சொல்லிவிடாது. ஆறிய தழும்பும் நிழலிடும், புற்றும் நிழலிடும். கிருமி உண்டா, எம்மருந்துக்கு அது பணியும் என்பவற்றைச் சளிச் சோதனையே உரைக்கும். படத்தைக் கணிப்பொறியால் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஏற்றது. அதற்கும் இதுவே விதி. படத்தை மட்டும் கண்டு மருந்தெழுதுவோரிடம், “சளியைச் சோதிக்க வேண்டாமா, ஐயா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மகளின் மணம் தடைப்படுமே என்று படத்தையே ஒளித்து வைக்கும் பெற்றோரும் நம்முள் உளர். வீட்டைவிட்டுத் தொலைவில் அனுப்பிவிடுவார்களோ என்ற பழைய அச்சமும் உண்டு. சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இவ்வச்சத்தைச் சோதித்தே பார்த்தது. ஏழைகளின் நெருக்கமான வீடுகளிலேயே மருந்துண்டவர்களும், சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒப்பவே நலமுற்றனர் என்று 1959-ல் வெளியிட்டது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் காணவில்லை. ஒழுங்காய் மருந்துண்பதே அங்கு வேண்டப்பட்டது.

இன்னொன்று. பழைய படங்களைப் பரண்மேல் சுருட்டிப் போடாதீர்கள். பழைய தழும்பா, புதிய நோயா என்ற ஐயத்தை இரு படங்களையும் அருகருகே வைத்தே மருத்துவர் பெரும்பாலும் தீர்க்கிறார். உறையின்மேல் பெயரும் தேதியும் எழுதி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். ஊருக்குப் புறப்படும்போதும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.